ஓக் மரத்தடியில் மூன்று மணி நேரம்

என் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அலுவலக நண்பர் ஒருவர் என்னைத் தன்னோடு மான் வேட்டைக்குச் சேர்த்துக்கொண்டார். ஈரோட்டுக்காரர். நாங்கள் வேலை பார்த்த இர்விங் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், வேட்டைக்கென்று கொஞ்சம் காட்டு நிலத்தை லீஸுக்கு எடுத்திருந்தார். வேட்டை சீசனுக்கு முன்பே, மான் எப்போது வருகிறது என்று பார்க்க, அசைவு தெரிந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை அங்கே ஒரு மரத்தில் கட்டினோம்.

“அடிக்கடி வரக்கூடாது. நம்ம வாசனை பட்டா மான் இந்தப் பக்கமே வராது,” என்றார். கேமராவைத் தொடவே ரப்பர் கையுறை போட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் போய், கேமராவின் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். தினமும் மாலையில் கொம்புள்ள மான் ஒன்று வந்திருந்தது. அடுத்த படங்களில் நான் இருந்தேன். ஆபீஸ் சட்டையோடு எதிரே இருந்த ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு மானே இல்லை.

“தனியா வந்தீங்களா?”

“ஆமா. ஒரு பத்து நிமிஷம் இருந்திருப்பேன்.”

அவர் படங்களில் பதிவாகியிருந்த நேரத்தைக் காட்டினார். மூன்று மணி நேரம். எல்லாப் படத்திலும் கைகள் மடியிலேயே கிடந்தன. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. “கேமராவ ஓடைப் பக்கம் மாத்திடலாம்,” என்று வாரை அவிழ்த்தார். “மறுபடி வரணும்னு தோணுச்சுன்னா எனக்கு ஒரு கால் பண்ணுங்க. நானும் வந்து உக்கார்றேன்.”

“மான் வராதே,” என்றேன்.

“வராட்டிப் போகுது.”

சரி என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.