வாசல் வைத்த படங்கு

காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கூடாரம் வாடகைக்குக் கொடுக்கிற தொழிலில் யானையாலும் கரடியாலும் ஒரு கரைச்சலும் இல்லை, எல்லாக் கரைச்சலும் மனிசர் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறதுக்கு முன்னம்தான். பத்துப் பேரைச் சேர்த்து ஒரு பயணம் ஒழுங்குபண்ணி, கடைசியில் ‘உன்னை ஆர் இதைச் செய்யச் சொன்னது’ என்று பேச்சு வாங்கின அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள், நீங்கள் என்ர ஆள்.

ஏலத்தில் எடுத்தது

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, கொண்டுபோக மனமில்லாத சாமானையெல்லாம் ஏலம் போட்டார்கள். எங்கட காசிம் முதலாளி கிண்ணியாக்காரர், துறைமுகத்தடியில் கயிறு, வாளி, லாந்தர் விற்கிறவர். ஏலக்காரன் “கன்வஸ், பத்துக் கட்டு” என்றதும் கையைத் தூக்கிவிட்டார். எங்கட பக்கத்தில் கன்வஸ் என்றால் படங்குதான். நெல்லுக் காயப்போடப் படங்கு, சூடடிக்கப் படங்கு, மழைக்கு மூடப் படங்கு. மூதூர், கிண்ணியா முழுக்க விற்கலாம் என்று மனுசனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

பத்துக் கட்டையும் துறை கடந்து கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்க் களத்தில் விரித்தால், ஒவ்வொன்றிலும் ஒரு வாசல், இரண்டு சன்னல், சுற்றிவரக் கயிறு. அத்தனையும் கூடாரம். கொட்டின நெல்லு சன்னலால் ஒழுகினதைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வளவுக்காரர், அண்ணன் என்கிற மாதிரிக் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாராம்: “காக்கா, நெல்லுக்கு வேர்க்கும் எண்டா சன்னல் வெச்சீங்க?”

பார்க்கும் ஊஞ்சலும்

சில வருசம் கழித்து நான் டைப்படிக்க அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, பத்தும் திரும்பக் கடைக்கே வந்து, பின்னறையில் எலிக்கு வீடாகக் கிடந்தன. அப்போது ஊரில் வில்பத்துப் பைத்தியம் தொடங்கியிருந்தது. அநுராதபுரத்துக்கு அங்கால அந்தக் காட்டுக்குள் போய்ச் சிறுத்தை பார்த்துவிட்டு வந்தவர் ஒரு மாசத்துக்கு வேற கதை கதைக்கமாட்டார். இவர்களுக்குக் கூடாரத்தை வாடகைக்கு விடுவோம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். சொன்ன வாய்க்குத் தண்டனையும் கிடைத்தது. அனுமதி கேட்டுக் கொழும்புக்கு இங்கிலிசில் கடிதம் அடிக்கிறது, வேன் பிடிக்கிறது, சாமான் பட்டியல் போடுகிறது, எலி கடித்த ஓட்டை தைக்கிறது, எல்லாம் என்ர தலையில் வந்து விழுந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேணும், அந்த வேலை என்றால் எனக்கு உயிர்.

முதல் வந்தவர் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரில், வேலை செய்கிற ஒருவர். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வில்பத்துப் பார்க்கில் நாலு நாள் நிற்கப் போகிறோம் என்று அவர் அடுக்கிக்கொண்டு போக, அந்த அம்மா கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டார். பார்க் என்றால் அவருக்குத் தெரிந்தது கடற்கரையில் பிள்ளைகள் விளையாடுகிற இடம் ஒன்றுதான். கடைசியில் புருசனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “பார்க்குக்குப் போறதுக்கு என்னத்துக்குத் தங்கச்சி படங்கு? ஊஞ்சல் ஆடிப்போட்டுப் பின்னேரம் வீட்ட வந்து படுக்கலாம்தானே?”

கந்தப்பரின் கேள்வி

ஆட்களுக்கு விளங்கட்டும் என்று ‘இங்கே கூடாரம் வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை எழுதி மாட்டினேன். மூன்றாம் நாள் கன்னியாப் பக்கத்திலிருந்து கந்தப்பர் வந்தார். விடியச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்து, வெறும் வண்டிலோடு திரும்புகிறவர். அவருடைய மகளுக்குக் கலியாணம். பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போக வண்டிலுக்குக் கூடாரம் வேணும். பிழை அவரில் இல்லை, வண்டிலுக்கு மேல் வளைத்துக் கட்டுகிறதுக்கும் எங்கட ஊரில் கூடாரம் என்றுதான் பெயர்.

எங்களிடம் அது இல்லை ஐயா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா கிடவாதே. வந்தவர் பார்த்துவிட்டாவது போகட்டும் என்று, கடைப் பெடியளைப் பிடித்துப் பின்வளவில் இருக்கிறதுக்குள் பெரியதை அடித்துக் காட்டினேன். கந்தப்பர் ஒருதரம் சுற்றிவந்தார், வாசலால் உள்ளே போனார், சன்னலால் எட்டிப் பார்த்தார், வெளியே வந்தார். பகிடி பண்ணவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார்: “எல்லாம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை, மாட்டை எங்க பூட்டுறது?”

அம்மி

இரண்டும் மூன்றுமாகப் போய்வந்துகொண்டிருந்த கூடாரங்களைப் பத்தும் ஒருமிக்கக் கேட்டு வந்தது தருமலிங்கம் மாஸ்டர் மட்டும்தான். பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஆசிரியர்மாரும் குடும்பங்களுமாக இருபத்துநாலு பேர், ஓகஸ்ட் விடுமுறையில் நாலு நாள் வில்பத்தில் நிற்கிறதாகத் திட்டம். அனுமதி கேட்டுக் கடிதம் அடித்தேன், பதில் வர விலாசமாக மாஸ்டர் தன்ர பள்ளிக்கூடத்தைச் சொன்னார், அதையே போட்டேன். சாமான் பட்டியலை மாஸ்டரின் மனைவி சிவகாமி அக்கா எழுதிக்கொண்டு வந்தா.

பட்டியலில் முதல் சாமான் அம்மி. இரண்டாவது குழவி. இடியப்ப உரலும் துருவலையும் அதுக்குப் பிறகு. நான் அம்மியை வெட்டினேன். அடுத்த நாள் அதே தாளில் அம்மி திரும்ப ஏறியிருந்தது, அடியில் கோடும் போட்டு. வேனில் ஆட்களுக்கே இடம் காணாது, இடித்த தூளைப் போத்தலில் கொண்டுபோங்கோ என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா தாளை என்ர கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டா. “சிறுத்தையைக் காணாட்டிலும் பரவாயில்லைத் தங்கச்சி, சம்பல் இல்லாமச் சாப்பிட ஏலாது.”

வெள்ளிக்கிழமைத் தவணை

விடுமுறையும் வந்தது, சிறுபோக அறுவடையும் வந்தது, கூடவே மூதூரிலிருந்து நெல் வியாபாரி மீரான் காக்காவும் படங்கு கேட்டு வந்தார். முதலாளிக்குப் பழைய ஆசை திரும்ப எழும்பிவிட்டது. வாசலையும் சன்னலையும் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தால் பத்தும் நல்ல படங்குதானே என்று என்னிடமே கேட்டார். மீரான் காக்கா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய வந்து பார்த்து எடுக்கிறதாக ஒழுங்கு.

கூடாரம் போனால் கயிற்றுக் கடைக்கு டைப்படிக்கிற ஆள் என்னத்துக்கு? முதலாளி அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. பின்னறைக்குப் போய்க் கூடாரக் கட்டின்மேல் இருந்து ஒருபாட்டம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சண்டை பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் ஆட்கள் பத்தையும் எடுக்கினம், எப்படி வெட்டுவீங்கள் என்று கேட்டேன். கொழும்பிலிருந்து அனுமதி வந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். வரவில்லை. முதலாளி கெட்ட மனுசன் இல்லை, ஆனால் தவணை சொன்னால் சொன்னதுதான்: “வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியிறதுக்குள்ள கடிதத்த என்ட கையில வைங்க தங்கச்சி, இல்லாட்டிப் பத்தும் படங்குதான்.”

மேற்கே சூலம்

இந்தக் கரைச்சலுக்குள் புதன்கிழமை சிவகாமி அக்கா பஞ்சாங்கத்தோடு வந்து நின்றா. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். வில்பத்து இருக்கிறது மேற்கே. சூலத்துக்கு எதிரே இருபத்துநாலு பேரைக் கொண்டுபோக அவவுக்கு என்ன விசரா? கொழும்புக்கு எழுதின திகதியை மாற்றவும் ஏலாது.

ஆனால் அதுக்கு ஒரு வழி எங்கட ஆட்களிடம் இருக்கிறது. முன்னதாகவே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கொண்டுபோகிற சாமானில் ஒன்றைப் போகிற திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கின கணக்கு. பிறகு சூலம் ஒன்றும் செய்யாது. வியாழன் காலை எட்டு மணிக்குமேல் நல்ல நேரம், கன்னியாவில் தம்பி வீடு இருக்கிறது, ஒரு சீலையைப் பையில் போட்டு அனுப்புவோம் என்றா அக்கா. அந்த இடத்தில்தான் என்ர மூளை வேலை செய்தது. இருபத்துநாலு பேருக்கு ஒரு சீலை எந்த மூலைக்குக் காணும் அக்கா, எல்லாரும் படுக்கிற கூடாரமல்லோ முதல் போகவேணும் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தா. அதுதான் முறை என்று அவவே எனக்குச் சொல்லித் தந்தா.

முதலாளி வியாழக்கிழமைகளில் கிண்ணியாவில் நிற்பார். கேட்டால் மறிப்பார் என்று தெரிந்துதான் கேளாமல் செய்தேன், அதை மறைக்கவில்லை. கன்னியாவுக்கு வெறும் வண்டிலோடு போகிற ஆளையும் எனக்குத் தெரியும். சந்தையடியில் கந்தப்பரை மறித்துக் கூட்டிவந்து, எட்டேகாலுக்குப் பத்துக் கட்டையும் ஏற்றி முடித்தோம். மாட்டின் முதுகில் தட்டிவிட்டு, கந்தப்பர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இப்ப சரி பிள்ளை, கூடாரத்துக்கு மாடு பூட்டியாச்சு.”

தபால்பெட்டி

வெள்ளிக்கிழமை காலை முதலாளி பின்னறையைத் திறந்தார். அங்கே எலியும் இல்லை. ஆரைக் கேட்டு அனுப்பினீங்க என்று போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். சூலக் கதையைச் சொன்னேன். சூலத்துக்கும் எனக்கும் என்ன என்றார். வெளிக்கிட்ட பயணத்தை நாங்கள் திருப்பிக் கூப்பிட்டு, பிறகு அந்தச் சனத்துக்கு ஒன்று நடந்தால் பழி எங்கட கடைக்குத்தான் என்றேன். பழி என்றதும் மனுசன் கொஞ்சம் அடங்கினார். சரி, கடிதம் எங்க என்று கேட்டார்.

மேசையில் வந்து இருந்து, கொழும்புக்கு அனுப்பின கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். மேலே, என்ர கையாலேயே அடித்த விலாசம்: பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் பூட்டி எத்தனை நாள்! விடுமுறையில் போகிற பயணத்துக்கு, விடுமுறையில் பூட்டுகிற இடத்தின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம். கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டருக்கும் அது ஓடவில்லை, எனக்கும் ஓடவில்லை. கடையில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு, சீலையைத் தூக்கிச் செருகி, வீதியில் ஆர் பார்க்கினம் என்றும் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தேன். காவல்காரர் வேப்பமரத்தடியில் நித்திரை. எழுப்பித் திறப்பு வாங்கித் தபால்பெட்டியைத் திறந்தால், குவிந்து கிடந்த கடிதங்களுக்கு நடுவில் நீட்டு மண்ணிறக் கவர். இருபத்துநாலு பேர், ஞாயிறு தொடக்கம் நாலு நாள், அனுமதி. நின்ற நிலையில் வாசித்து, வாய்விட்டுச் சிரித்து, அதோடு அழுதும் போட்டேன். காவல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: “என்ன பிள்ளை, சோதனை பாஸோ?”

சன்னல் உள்ளதாக

ஜும்ஆ முடிய முதலாளியும் மீரான் காக்காவும் ஒன்றாகத்தான் வந்தார்கள். வாசலிலேயே மறித்துக் கடிதத்தை முதலாளியின் கையில் வைத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டுதரம் வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மீரான் காக்கா பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, படங்கு எங்க என்று கேட்டார். அத்தனை வருசமும் அதைப் படங்கு என்ற பெயரைத் தவிர வேறு பெயரால் கூப்பிடாத எங்கட முதலாளி, நிமிர்ந்து நின்று, அது படங்கு இல்லை, கூடாரம், பயணம் போயிட்டுது என்றார். எனக்கு அந்த நிமிசம் ஆகாயத்தில் நிற்கிறது போல இருந்தது.

மீரான் காக்கா கோவிக்கவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அப்படி அந்தக் காட்டில் என்னதான் இருக்கு என்று கேட்டார். விடுவேனா? வில்லு என்கிற காட்டுக்குளத்தில் மான்கூட்டம் தண்ணி குடிக்க வருகிறதையும், மரக்கொப்பில் சிறுத்தை நீட்டி நிமிர்ந்து கிடக்கிறதையும், நானே பார்த்தது மாதிரிச் சொன்னேன். நான் அதுவரை வில்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்கிறது முதலாளிக்குத் தெரியும், மனுசன் தானும் கூட வந்தவர் மாதிரித் தலையாட்டினார். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பின மீரான் காக்கா, வாசலில் நின்று திரும்பினார். “அறுப்பு முடியட்டும் தங்கச்சி, எங்கட வீட்டாக்கள் பதினாறு பேர், எங்களுக்கும் ஒரு கடிதம் அடிச்சு வைங்க, சன்னல் உள்ளதாப் பாத்துத் தரவேணும்.”

பத்துக் கூடாரத்தையும் என்ர வேலையையும் காப்பாற்றினது என்ர கெட்டித்தனம் என்று நான் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாலும், உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், காப்பாற்றினது தபால்பெட்டியில் கிடந்த அந்தக் கவரும் ஞாயிற்றுக்கிழமைச் சூலமும் கந்தப்பரின் ஒரு சோடி மாடும்தான்.