முருங்கைக்குப் போன மாத்திரை

என் தம்பி குப்பண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி வேலந்தாவளம் பக்கத்திலேயே கிடையாது. பீடிக்கும் ஆட்டுக் கொழுப்புக்கும் மட்டும் பயப்பட மாட்டான். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே விழுந்தான். பாலக்காட்டில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

புரட்டாசியில் திரும்பக் காட்டப் போனபோது டாக்டர் புதிதாக ஒரு சின்ன மாத்திரை எழுதினார்.

"குழாய்க்குள்ள வீக்கம் இருக்கு. உடம்பைக் காக்கிற காவல்காரங்களே உள்ள புகுந்து அடிதடி பண்றாங்க. இது அவங்களைக் கொஞ்சம் அடக்கும். தினம் ஒண்ணு. அதுக்கு மேல கூடவே கூடாது."

தம்பி மகன் சிவப்பிரகாஷ் சும்மா இருந்திருக்கலாம். போனில் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம கண்வலிக்கிழங்குச் செடியில எடுக்கற மருந்துங்க" என்றான்.

போயிற்று! பதினைந்து வருஷமாகத் தம்பி பயிர் செய்வதே அந்தச் செடியைத்தான். விதையை மருந்துக் கம்பெனிக்கென்று வியாபாரி வாங்கிப் போவான். கிழங்கைத் தின்றால் ஆள் காலி என்று ஊருக்கே தெரியும். காய் உரிக்கும்போதுகூடக் கையுறை போட்டுக்கொள்கிறவன், மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் துப்பினான். ஒரு மாதம் முருங்கைக்குத்தான் நெஞ்சு வைத்தியம் நடந்தது.

அவன் பெண்டாட்டி முத்தாத்தாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசம் வெதைய வித்தீங்களே, அத ஆரு முழுங்கறாங்கன்னு நெனச்சீங்க?"

"சீமைக்காரன் எவனாச்சும் முழுங்குவான்."

"அவன் செத்தாப் பரவால்லீங்களா?"

"அவன் ஒடம்பு வேற, புள்ள."

"செரி. அப்ப அந்த வெசச்செடிய நானும் இனித் தொடறதில்லைங்க."

அந்தப் பூவுக்கு மகரந்தத்தை மனுஷக் கைதான் தொட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் காய் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி விடியலில் பூப் பூவாகப் போய் அதைச் செய்கிறவள் முத்தாத்தாள். தம்பியின் விரல் பட்டால் பூ ஒடிந்துதான் போகும். இரண்டு நாள் ஒடித்துப் பார்த்தான்.

மூன்றாம் நாள் கொடியிலேயே வாடின பூக்களைப் பார்த்துக் கண் கலங்கினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடக் கலங்காத கண் அது. "கொண்டா புள்ள, முழுங்கித் தொலைக்கறேன்" என்றான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவள் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

இன்றைக்கும் தினம் விழுங்குகிறான். கையுறை மாட்டிக்கொண்டு மாத்திரையை எடுக்கிறான், வாயில் போடுகிறான், தண்ணீர் குடிக்கிறான். பிறகு கையுறையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுகிறான். விஷம் கையில் ஒட்டிவிடக் கூடாதாம்.