மூன்று விரற்கடை

"வயித்தை எக்காதீங்க தம்பி. வீட்ல சாப்பிட்டு உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு டப்பாத் திரவங்களை ஒரே வாளியில் கலக்கி, பந்தயக் கார் ஓட்டியின் முதுகுக்குப் பின்னால் விரித்திருக்கும் பிளாஸ்டிக் பையில் ஊற்றுகிறார் இருக்கைக்காரர். நுரை பொங்குகிறது. கால் மணி நேரம் அசையக் கூடாது. இறுகியதும் ஓட்டியின் முதுகு அப்படியே அச்சாக நிற்கும். அதைக் கத்தியால் செதுக்கி, கறுப்பு நாடா ஒட்டி, காருக்குள் இருக்கையாக வைத்துவிடுவார்.

நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை ஆள் கார்களுக்கான தேசியப் பந்தயம் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டும் இருக்கை செய்தவர் இவர்தான். ஆனால் மனிதருக்கு முகம் மட்டும் நினைவில் நிற்காது. எதிரே வந்து வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். "கொஞ்சம் திரும்புங்க" என்பார். திரும்பிவிட்டால் போதும், "அட, நீங்களா!" என்று வாயெல்லாம் பல்லாகிவிடும்.

பந்தயத்தின் வரலாற்றையும் முதுகை வைத்தேதான் சொல்லுவார். "ஆரம்பத்துல குடும்பக் கார் எஞ்சினைத்தான் கழட்டி மாட்டினாங்க. ஓட்டினவங்களும் டாக்டரு, கடைக்காரருதான். இடுப்பு மடிப்புக்கே ஒரு வாளி நுரை போகும். அப்புறம் பைக் எஞ்சின் வந்துச்சு, காரு ஒல்லியாச்சு, இவங்களும் பட்டினி கெடந்தாங்க. இப்ப வர்றதுங்க முதுகுல கிள்ளக்கூடச் சதை இல்ல." பழைய இருக்கைகளெல்லாம் பட்டறைப் பரணில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. "ஊரான் முதுகுக்கெல்லாம் எடம் இருக்கு, என் தையல் மெஷினுக்குத்தான் இல்ல" என்று நொடித்துக்கொள்வார் மனைவி.

முப்பதாம் ஆண்டு விழாவில், முதன்முதலில் பட்டம் வென்ற காரை அதே ஓட்டி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. பந்தயக்காரர்களுக்கு அவர் 'சூறாவளி'. பக்கவாதம் வந்து தேறியவர். மருத்துவர் சரி சொல்லிவிட்டார். பாதுகாப்பு அதிகாரிதான் கறார்: இருக்கையில் ஆடாமல் உட்கார்ந்தால்தான் அனுமதி. சூறாவளியோ, "என் பழைய சீட்டே போதும். புதுசெல்லாம் நோயாளிக்குச் செய்யச் சொல்லு" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சூறாவளியின் மனைவி இருக்கைக்காரரைப் போனில் கூப்பிட்டு அழுதார். "இத நெனச்சுத்தான் தம்பி தெனமும் நடந்து பழகினாரு. முடியாதுன்னுட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு."

மறுநாளே இருக்கைக்காரர் அவர்கள் வீட்டுக்குப் போனார். யாரையும் தொட்டுப் பேசாதவர், வாசலிலேயே சூறாவளியை ஆரத் தழுவிக்கொண்டார். உள்ளங்கைகள் இரண்டும் முதுகில் மெல்ல நகர்ந்தன.

"என்னடா, பொண்ணைக் கட்டிக்குடுத்தவன் மாதிரி புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறே?"

"ரொம்ப நாளாச்சேண்ணே."

இடது தோள் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஊரையே உட்கார வைத்தவர், அன்று முதல் தடவையாகத் தானே, விழாவுக்காகப் பட்டறைக்கு வந்திருந்த அந்தப் பழைய காருக்குள் இறங்கினார். நல்லவேளை, இருவருக்கும் ஒரே உடல்வாகு. இடது தோளை மூன்று விரற்கடை தாழ்த்திக்கொண்டு, "ஊத்து" என்றார் மனைவியிடம்.

"சுடுதுங்களா?"

"சுடுதாவா! இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் இதமா இருக்கும்னு புளுகியிருக்கேனே, பாவி!"

"சிரிக்காதீங்க. தோள் ஏறுது பாருங்க."

இறுகியதும், பரணில் கிடந்த சூறாவளியின் இருக்கையை எடுத்து, அதன் நைந்த நாடாக்களை நகத்தால் உரித்துப் புதியதன்மேல் அதே இடங்களில் ஒட்டினார். கறைகூட இடம் மாறவில்லை.

விழாவன்று சூறாவளி காருக்குள் இறங்கி உட்கார்ந்தார். அதிகாரி அவர் தோளைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. சரி என்று தலையாட்டினார்.

"பாத்தியாடா, அதே சீட்டு! முப்பது வருஷத்துல என் உடம்பு ஒரு இம்மி மாறல!"

"உங்களுக்கென்னண்ணே, இரும்பு."

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. இருக்கைக்காரர் மட்டும் தட்டவில்லை. கார் முதல் வளைவில் திரும்பியபோது, சுவரோரம் நின்றிருந்த அவருடைய இடது தோள் தானாகத் தாழ்ந்தது. கார் சுற்றி வந்து நிற்கும்வரை அப்படியே, அசையாமல் நின்றார்.