சாமிக் கடலை

வெள்ளவத்தையில் என் மூன்று வயது மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் டேகெயாரின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. முழுக் கடலை, கச்சான் என்கிற நிலக்கடலை, முழுத் திராட்சை, டொபி எதுவும் சாப்பாட்டுப் பெட்டியில் வரக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்று அதை நடத்தும் ஆன்ரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் ஒரு வருடமாகத் திராட்சையை நாலாக வெட்டி, முட்டையை மசித்து அனுப்பியவள்தான்.

நவராத்திரி வந்தது. வீட்டில் விரதம், முட்டை இல்லை. புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் பூசை முடிந்து தந்த கடலை இருந்தது. காலையில் சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் அதில் ஒரு பிடி வைத்தேன். பட்டியல் நினைவுக்கு வராமலில்லை. சாமிக்குப் படைத்தது, என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூளையைக் கழற்றிக் காகத்துக்குப் போடலாம்.

பன்னிரண்டரைக்கு ஆன்ரி போன் எடுத்தார்.

"பிள்ளைக்குப் புரைக்கேறிட்டுது. முதுகில தட்டினனான், இருமல் நிக்குதில்லை. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன், நேர அங்க வாங்கோ."

காலி வீதி நிறைய வாகனம். முச்சக்கர வண்டிக்காரரிடம் "இக்மனட்ட யன்ன, அய்யே" என்று, கெதியாய்ப் போகச் சொல்லி, சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டே போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது நேர்த்தி வைக்கப் பார்த்தேன். எந்தச் சாமிக்கு வைப்பது? அதன் கடலைதானே.

ஆஸ்பத்திரியில் ஆன்ரியின் மடியில் இருந்தாள். மூச்சு விசிலடித்தது. ஒரு பக்கம் காற்றுப் போகவில்லை, மயக்கி உள்ளே குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். "கடல" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை அட்டையில் எழுதிக்கொண்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகளை உள்ளே கொண்டுபோன பிறகு ஆன்ரி சொன்னார். "வாய் நிறைய அதக்கி வச்சிருந்தவ. துப்பு குஞ்சு எண்டு கையை நீட்டினனான். தலையை ஆட்டிப்போட்டு வாயை இறுக்கி மூடிற்றா. அதோடதான் புரைக்கேறினது."

அது என் வேலை. முந்தைய நாள் பின்னேரம் அதே கடலையைத் துப்பியவளை, சாமிச் சாப்பாட்டைத் துப்பினால் சாமி கோவித்துப் பேசும் என்று வெருட்டியவள் நான்தான். சுவரில் சாய்ந்து வெட்கமில்லாமல் கத்தி அழுதேன். இவள் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

கடலை வெளியே வந்தது. பொழுதுபடக் கண் விழித்தவள் கரகரத்த குரலில் சொன்னாள்.

"அம்மா, நான் துப்பேல்ல."

"துப்பலாம் குஞ்சு. எதையும் துப்பலாம்."

"சாமி பேசுமே?"

"பேசட்டும். அம்மாவைப் பேசட்டும்."

அவள் நம்பவில்லை. தாதி ஊட்டிய மருந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.