பிடிக்கும்

எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு சொல்லால் என் கவிதைக்குக் கிடைக்கவேண்டிய பரிசு கைவிட்டுப் போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை. இனி வருத்தப்படவும் மாட்டேன்.

கீழ்புத்துப்பட்டு அகதி முகாமில் எங்கள் வீடு. அம்மாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. இலங்கையிலிருந்து நாங்கள் படகேறியபோது அண்ணன் மட்டும் மாமாவோடு ஊரில் நின்றுவிட்டான். சண்டை முடிந்த அன்று அவனைத் தன் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்ததாக மாமா போனில் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

வானூரில் கவிதைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'மன்னிப்போம், மறப்போம்'. முகாம் பிள்ளை எழுதினால் எடுபடும் என்று தமிழ் டீச்சருக்கு ஏக உற்சாகம். 'அண்ணனுக்கு நண்டுக்கறி பிடிக்கும்' என்று நான் எழுதியதைச் சிவப்பு மையால் 'பிடித்தது' ஆக்கினார்.

"போனவங்கள இறந்தகாலத்துலதாம்மா எழுதணும். கடைசியில மன்னிச்சுட்டோம்னு முடிச்சிடு. ஃபர்ஸ்ட் பிரைஸ் உனக்குத்தான்."

நல்ல மனுஷிதான். எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர்.

அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். நோட்டைப் பிடுங்கி, தாள் கிழியும்படி அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டாள்.

"அவனுக்குப் பிடிக்கும். பிடிச்சது எண்டு எழுத இவ ஆர்?" பிறகு கடைசி வரியைத் தட்டினாள். "மன்னிப்போ? ஆர் வந்து கேட்டவங்கள்? கேளாமல் அள்ளிக் குடுக்க இதென்ன கோயில் பொங்கல் புக்கையோ?"

எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பிடிவாதமா? எனக்கு அந்தப் பரிசு வேண்டும்.

டீச்சர் சொன்னபடியே சொல்லிவிடுவது என்றுதான் மேடை ஏறினேன். பார்த்தால் கடைசி வரிசைக்குப் பின்னால் அம்மா. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, காலில் உப்பு காய்ந்து வெளுத்திருக்க, அப்படியே வந்து நின்றாள். என் வாய் தானாகப் 'பிடிக்கும்' என்றது. அதோடு விட்டேனா? மன்னித்துவிட்டோம் என்று சொல்லவேண்டிய இடத்தில், 'அண்ணனைக் கூட்டிவந்து கேளுங்கள், அப்புறம் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கினேன்.

ஆறுதல் பரிசுகூட இல்லை. "கவிதை நல்லாத்தான் இருந்துச்சு, காலம்தான் தப்பாப் போச்சு" என்று டீச்சர் என் தலையைத் தடவினார். அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் நண்டு வாங்கினாள்.

இலக்கணம் தெரியாமல் சண்டை போடுகிறாளே என்றுதான் அன்று நினைத்தேன். பரீட்சையில் இறந்தகாலத்துக்கு முழு மார்க் வாங்குகிறவள் நான். அந்தச் சொல்லுக்குள் 'இறந்த' என்று ஒன்று இருப்பது என் கண்ணில் படவே இல்லை.

இப்போது தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்: அண்ணனுக்கு நண்டுக்கறி பிடிக்கும்.