ஷெல்லுக்கு நான் எழுதிய புகார்

சந்தனமும் கற்பூரமும் கலந்த வாசனை, ஏசி அறைக்குள் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது... திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர். ஆயுத பூஜைக்கு மறுநாள்.

நகரியில் நைனா, என் அப்பா, விசைத்தறிக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மானிட்டர், சிபியு, கீபோர்டு என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குழைத்து வைத்திருந்தேன்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்கும் ஷெல்தான் அப்போது என் உலகம். அன்று அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "அழிக்கலாமா?" என்று கேட்கும், நான் பதில் சொல்வதற்குள் தானே தாண்டிப் போய்விடும்.

பக், அதாவது புரோகிராமில் பிழை, கண்டுபிடித்துவிட்டேன்! ஷெல்லை எழுதுகிறவர்களுக்கு நீளமாக ஒரு மெயில். கையோடு நகரிக்கு எஸ்.டி.டி. போன்.

"நைனா, வெள்ளக்காரன் எழுதனதுல தப்பு கண்டுபுட்ச்சிக்கீறேன். சரி பண்ணி எம்பேரு போடுவான்."

நைனா தறிக் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஷெல்லை எழுதுகிறவர்களில் ஒருவர் வாரக் கடைசி முழுக்கச் சோதித்துவிட்டுப் பணிவாக எழுதினார்: தன்னிடம் அப்படி வரவில்லை, வேறு கீபோர்டு போட்டுப் பார்க்க முடியுமா? எனக்குச் சுருக்கென்றது. "என் மெஷின் எனக்குத் தெரியும், உங்கள் புரோகிராமைப் பாருங்கள்" என்று பதில் போட்டேன். அவர்களுடைய மெயில் குழுவில் இருந்த அத்தனை பேரும் படித்தார்கள்.

பக்கத்து சீட் பாஸ்கர் என் கீபோர்டைக் கவிழ்த்து, எண்டர் கீயைக் கழற்றினான். அடியில் காய்ந்த சந்தனம். ஒரு தட்டு இரண்டு தட்டாகப் போயிருக்கிறது.

"ஒரேய், சாமிக்கு வெக்கற சந்தனத்த இதுக்குள்ள ஊத்தி வெச்சிக்கிறியே!"

சந்தனம் என்றால் என்னவென்று இங்கிலீஷில் விளக்கி, மன்னிப்புக் கேட்டு எழுதும்போது காதெல்லாம் எரிந்தது. சோதித்துப் பார்த்தவர் திட்டியிருந்தால் தேவலை. "பண்டிகை நன்றாக நடந்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தார். மானமே போயிற்று.

நைனாவிடமும் சொன்னேன்.

"சாமி சந்தனம் பட்டா கெட்டுப்பூடுமா? அப்ப அவன் செஞ்சதுதான் தப்பு!"

விசாரணை முடிந்தது.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அதே ஷெல்லில் நிஜமான பக் சிலவற்றைச் சரிசெய்திருக்கிறேன், பெயரும் வந்திருக்கிறது. அதைச் சொன்னால் நைனா 'ம்' என்பதோடு சரி.

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எல்லார் முன்னாலும் நைனா என் தோளைத் தட்டினார்.

"இவன்தான்... வெள்ளக்காரன் தப்பக் கண்டுபுட்ச்சவன்!"

அன்று முகம் தெரியாதவர்கள் முன்னால் வெட்கப்பட்டேன். அது எவ்வளவோ சுலபம். எனக்காகப் பெருமைப்படுகிற மனுஷன் முன்னால் என்ன செய்ய... இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.