பாதி வெந்த ரொட்டி

ரூலிக்கு நிலத்தில் வீடு வாசல் கிடையாது. பிறந்தது சரக்குக்கப்பலில், வாக்கப்பட்டதும் சரக்குக்கப்பலில். அறுபதைத் தொடப்போகும் வயதிலும் ரைன் நதியில் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் பிழைப்பு ஓடுகிறது. ராட்டர்டாமில் சோயா ஏற்றினால் மான்ஹைமில் இறக்கம், திரும்புகையில் உப்போ ஜல்லியோ. புருஷன் ஹார்ம் சுக்கான் பிடித்தால் இவள் கயிறு பிடிப்பாள், இவள் சுக்கான் பிடித்தால் அவன் கயிறு.

ஆறு வயதில் அவளைக் கப்பல்காரப் பிள்ளைகளின் விடுதியில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் நதியேறிப் போனார்கள். அந்த ஜாதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் விதி. பக்கத்தில் இல்லாத ஆள்மேல் பாசம் வைப்பது எப்படி என்று அந்த விடுதிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. நல்ல படிப்பு, போங்கள்! பிறகு தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அதே வாசலில் கொண்டுபோய் விட்டாள். அன்றைக்குக் கப்பல் கயிற்றை அவிழ்க்க அவளுக்குக் கையே வரவில்லை. ஹார்ம்தான் அவிழ்த்தான்.

ஹார்ம் வீட்டு வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஓடாது. தலை போகிற சரக்கானாலும் சரி, சனி சாயங்காலம் எங்கே கயிறு கட்டினார்களோ அங்கேயே ஞாயிறு. பெரும்பாலும் ஏதாவது ஜெர்மன் மணல் துறையாக இருக்கும். கோயில் மணி கேட்கும். ஆனால் அது ஊரான் கோயில். உள்ளே போனால் இவர்களை யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் இவர்கள் வரப்போவதும் இல்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ரேடியோவில் பிரசங்கம் கேட்பார்கள். முடிந்ததும் ஹார்ம் தூங்கப் போய்விடுவான். பாட ஆளில்லாமல் பாடத் தெரிந்தவள் உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், கப்பல்காரர் சபையின் பாஸ்டர் ரைட்ஸ்மாவைப் போனில் பிடித்தாள்.

"பாஸ்டர், நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமை பத்து துறையில பத்து கப்பலா முடங்கிக் கிடக்கறோம். எல்லார் கையிலயும் போன் இருக்கு. நீங்க கொஞ்சம் மனசு வெச்சா ஒண்ணா உக்காரலாமே?"

"எனக்கு இந்த இன்டர்நெட் எல்லாம் வராதும்மா."

"எனக்கு வரும். நீங்க ஜெபத்தை மட்டும் பாருங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் ஞாயிறு நான்கு கப்பல். ஒருவரின் நெற்றி மட்டும் தெரிந்தது, இன்னொருவரின் மூக்குத் துவாரம். "ஐயா, போனைக் கொஞ்சம் தள்ளி வைங்க, நாங்க டாக்டர் இல்ல" என்று ரூலி கத்தினாள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் மறைந்துவிடப் பார்த்தபோது அவள் விடவில்லை. "ஓடாதீங்க! சபைன்னா காப்பி உண்டுல்ல? போட்டு எடுத்துட்டு வாங்க." அவரவர் அடுப்பங்கரையில் அவரவர் காப்பி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட். எண்ணி ஒன்றை எடுத்துவிட்டு டப்பாவை மூடுவதில் ராட்டர்டாம் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. உண்மையான சபை அந்தக் காப்பியில்தான் நடந்தது. யாருக்கு முட்டுவலி, யார் மகன் பேசுவதில்லை, யாருக்குத் தூக்கம் வருவதில்லை, எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

அங்கே கிடைத்தவள்தான் ஃபெம்மி. ரூலியைவிட எட்டு வயது மூத்த கப்பல்காரி, வாயாடி. மான்ஹைமில் ஹார்ம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரூலி தனியாக நின்ற நேரம் முழுக்க ஃபெம்மி போனை வைக்கவே இல்லை. ஜெபம் பண்ணுவாள், நடுவில் தன் மாலுமியைத் திட்டுவாள், மறுபடி ஜெபம் பண்ணுவாள். மறுநாள் ஃபெம்மியின் புருஷன் சிப்ரென் ரயிலேறி வந்து, ரூலியின் கப்பலைப் பத்திரமாக ஊர் சேர்த்தான். திரையில் பார்த்த மனிதன் படியேறி வந்து நின்றான். ஆனால் ஃபெம்மி வரவில்லை. அவள் தன் கப்பலை விட்டு நகர முடியாது.

அந்த சிப்ரென் போன வருஷம் செத்துப்போனான். நதியில் தண்ணீர் வற்றி, ரூலியின் கப்பல் நதியின் மேல்பக்கம் சிக்கிக் கிடந்தது. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். ஃபெம்மி தோள் குலுங்க அழுதாள். எட்டி ஒரு கை வைக்க வழியில்லை. ரூலி போன் கண்ணாடியைத் தடவினாள். கண்ணாடியைத் தடவி யார் துக்கம் ஆறியிருக்கிறது?

இந்த வசந்தத்தில் ஃபெம்மி சொல்லிவிட்டாள். கப்பலை விற்றாகிவிட்டது, நியூசிலாந்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள், இனி நதியும் கிடையாது ஒன்றும் கிடையாது.

"அடியே, நாலு வருஷமா உன் மூஞ்சிய மட்டும் பாத்துட்டிருக்கேன்" என்றாள். "ஒரே ஒரு தடவை உன்னோட ஒரு ரொட்டியப் பிச்சுத் தின்னுட்டுப் போகணும்டி."

திருவிருந்துக்கு, சபையார் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்கிற அந்தச் சடங்குக்கு, ஒரே மேசை வேண்டும், திரையில் ஆகாது என்று பாஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். காப்பிவரைக்கும் வந்தவர்கள் அந்த ரொட்டியை மட்டும் சேர்ந்து தின்றதில்லை.

வழி ஒன்று இருந்தது. ஃபெம்மி காலிக் கப்பலோடு நதியிறங்கிக் கடைசி ஓட்டம் வருகிற வியாழக்கிழமை, ரூலி சரக்கோடு நதியேறுவாள். லோபித் அருகே இரண்டும் கடக்கும். நிற்க முடியாது, இரண்டு பக்கமும் கெடு. ஆனால் லோபித்தில் டோனின் கடைப்படகு உண்டு. ஓடுகிற கப்பலோடு ஒட்டி ஓடி உருளைக்கிழங்கும் பாலும் விற்கிற படகு. பால் தாவும்போது மனுஷி தாவக்கூடாதா?

"பகல் ஒரு மணிக்கு வந்துடு டோன்" என்று சொல்லி வைத்தாள். பதினொன்றரைக்கு ரொட்டியை அடுப்பில் வைத்தாள். கப்பல்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் போன் வரைபடத்தில் ஃபெம்மியின் கப்பல் ரேஸ் ஊரருகே ஒரு புள்ளியாக நின்றது. நேரம் இருக்கிறது என்று தலை வாரப் போனாள்.

பாவி, அங்கேதான் தப்புப் பண்ணினாள். சிக்னல் போய்ப் புள்ளி சிக்கிக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. மேல்பக்கம் மழை பெய்து நதி வீங்கி வேகம் கூடியிருந்தது. சுமையோடு ஏறி ஏறிப் பழகிய உடம்பு, காலியாக இறங்கி வருகிறவளின் நேரத்தையும் தன் வேகத்திலேயே கணக்குப் போட்டுவிட்டது.

"ரூலி!" என்று மேலேயிருந்து ஹார்ம் அலறினான். "அதோ வளைவுல திரும்பறது ஃபெம்மி கப்பல்!"

ரூலி கப்பல்களுக்குள் பேசும் ரேடியோவுக்குப் பாய்ந்தாள். "டோன்! டோன்! எங்கய்யா இருக்க?"

"ஒரு பெல்ஜியக்காரன் கப்பலோட ஒட்டிட்டு நிக்கறேன், கிழங்கு எறக்கறேன். ஒரு மணின்னுதானே சொன்ன?"

"ஒரு மணியாவது மண்ணாவது! அவ வந்துட்டா! என்னைத் தூக்கிட்டுப் போ!"

நதியில் இருந்த எல்லாக் கப்பலிலும் அது கேட்டது. "எந்த மாப்பிள்ளையப் பாக்க இந்த ஓட்டம்?" என்றது ஏதோ ஒரு குரல்.

"உன் மாமியாளைப் பாக்க! வாயை மூடு!"

"கிழங்கு எங்கயும் ஓடிடாது, போய்யா டோன்" என்றான் பெல்ஜியக்காரன். நல்லவன், நன்றாக இருக்கட்டும்.

டோன் வருவதற்குள் ஃபெம்மியின் கப்பல் பக்கவாட்டில் கடந்தே போய்விட்டது. நடுவில் முப்பது மீட்டர் தண்ணீர். ஜன்னலில் ஒரு கை உயர்ந்தது, அவ்வளவுதான். ரூலி வேகாத ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேல்தளத்தில் நின்று ஓவென்று அழுதாள். ஹார்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ஜினைத் தணித்தான்.

"அழுகைய அப்புறம் வெச்சுக்க, தாவு!" என்று கீழேயிருந்து டோன் கத்தினான். தாவினாள். கடைப்படகு நதியிறங்கிப் பறந்தது. ஃபெம்மியின் மாலுமி குனிந்து அவளைக் கப்பலில் இழுத்துப் போட்டான்.

சுக்கான் அறையில் ஃபெம்மி திரும்பவில்லை. "திரும்ப முடியாதுடி. எதுத்தாப்புல பெரிசு ஒண்ணு ஏறி வருது."

ரூலி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான்கு வருஷமாக அந்த முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும். முதுகை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். தன் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

"இத்துனூண்டா நீ?"

"போன்ல எல்லாரும் பெரிய ஆளுதான். ரொட்டி எங்க?"

பிய்த்தாள். உள்ளே முழுக்க மாவு. "ஐயையோ, வேகவே இல்ல!"

"குடு குடு."

சுக்கானை விடமுடியாத அந்த வாயில் ரூலி ஊட்டினாள், தானும் தின்றாள். இருவருக்கும் பல்லில் ஒட்டியது.

"இது திருவிருந்து இல்லல்ல?" என்று ஃபெம்மி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. பாஸ்டர் இல்லாம எப்படி? வெறும் ரொட்டி."

"அப்ப இன்னொரு துண்டு குடு."

சிரித்தார்கள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. பெரிய கப்பல் கடந்து போனது. ஃபெம்மி சுக்கானை மாலுமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டோன் ஹாரன் அடித்தான், மறுபடியும் அடித்தான். "ஏம்மா, உன் புருஷன் தனியா ஓட்டிட்டிருக்கான்!"

ரூலி இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு. ஃபெம்மி மகள் வீட்டிலிருந்து திரையில் வந்தாள். அங்கே ராத்திரி. ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பியோடு உட்கார்ந்தார்கள். அந்த வியாழக்கிழமைக் கதை எல்லாருக்கும் தெரியும். பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரூலி, நாலு வருஷமா வாராவாரம் பாத்தவங்கதானே? நேர்ல பாத்ததுல புதுசா என்னம்மா இருந்துச்சு?"

ரூலி காப்பியைக் கீழே வைத்தாள்.

"அவ கை ஜில்லுன்னு இருக்கும் பாஸ்டர்" என்றாள். "எப்பவுமே அப்படித்தானாம். எனக்குத் தெரியவே தெரியாது."